எந்தக் கணக்கிலிருந்து? – உள்ளாட்சித் தேர்தல் வாக்குறுதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே நோட்டீஸையும் வாட்ஸ்அப் படத்தையும் நீட்டி "இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பவர்கள் அதிகம். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், தமிழ்நாட்டு உள்ளாட்சிகளை மட்டும் வைத்து பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவாக இல்லை, எதிராகவும் இல்லை. தன் கையில் இல்லாத பணத்தை வாக்குறுதியாகக் காட்டும் வித்தையில் பெரிய கட்சிகள் எல்லாமே தேர்ந்தவைதான்.

1. உள்ளாட்சித் தேர்தல்ல நாம யார் யாருக்கு ஓட்டுப் போடுறோம்? எல்லாம் ஒரே கவுன்சிலர்தானே?

கிராமத்தில் இருந்தால் உங்களுக்கு நான்கு ஓட்டு: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். நகரத்தில் ஒரே ஓட்டு, அது வார்டு கவுன்சிலருக்கு. 2022 தேர்தலில் மேயரையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றியக் குழுத் தலைவரும் மாவட்ட ஊராட்சித் தலைவரும் அப்படியே. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தலைவர் ஊராட்சித் தலைவர் மட்டும்தான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஒரு வார்டு வேட்பாளர் "மாநகராட்சி முழுக்க பாதாளச் சாக்கடை கொண்டுவருவேன்" என்றால், சென்னையில் அவர் 200 பேரில் ஒருவர், கோவையிலும் மதுரையிலும் 100 பேரில் ஒருவர். மன்றத்தில் கேட்பேன், வாதாடுவேன் என்று சொன்னால் சரி. கொண்டுவருவேன் என்று சொல்ல அவரிடம் அதிகாரம் இல்லை.

2. ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னமே கிடையாதுங்கிறாங்க. அப்புறம் எப்படி கட்சிக்காரங்க வந்து வாக்குறுதி குடுக்கிறாங்க?

ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் இரண்டுக்கும் சட்டப்படி கட்சி அடிப்படையில் தேர்தல் இல்லை. பூட்டு சாவி மாதிரி பொதுச் சின்னங்கள்தான். ஆனால் அதே நாளில் அதே சாவடியில் ஒன்றிய, மாவட்ட வார்டுகளுக்குக் கட்சிச் சின்னத்தில் ஓட்டு நடக்கிறது. ஒரே மேடையில் நாலு வேட்பாளரும் நிற்பார்கள், நடுவில் கட்சியின் மாவட்டச் செயலாளர் பேசுவார். கோடிக்கணக்கு எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். வாக்குறுதி கொடுத்தவர் பெயர் ஓட்டுச்சீட்டில் இருக்காது, பின்னால் போய்க் கேட்கவும் முடியாது.

3. சரி, உள்ளாட்சிக்குப் பணம் எங்கிருந்துதான் வருது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். நான்கு வழி உண்டு. முதலாவது, சொந்த வருவாய்: வீட்டு வரி அல்லது சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, ஏலத் தொகைகள். இரண்டாவது, மாநில நிதிப் பகிர்வு. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது.

மூன்றாவது, மத்திய நிதிக் குழு மானியம். 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-ஆவது நிதிக் குழு நாடு முழுவதும் உள்ள உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. கிராம ஊராட்சிகளுக்கு வரும் பங்கில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று கட்டிப் போட்டிருந்தது. மீதி 40 விழுக்காட்டை ஊர்த் தேவைக்கு எடுக்கலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. 2026 முதல் 16-ஆவது நிதிக் குழுவின் காலம் என்பதால் இனி அதன் விதிகளை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நான்காவது, திட்ட நிதி: வீடு கட்டும் திட்டம், ஜல் ஜீவன் குழாய் போன்றவை. இதில் பயனாளி யார், தொகை எவ்வளவு, விதி என்ன என்பதெல்லாம் டெல்லியிலோ சென்னையிலோ முடிவாகிறது. ஊராட்சி அதை நடத்தித் தரும், அவ்வளவுதான். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு 5 கோடி எம்.பி. நிதி ஆகியவையும் ஊருக்குள் வேலையாக வருகின்றன. அவற்றின் சாவியும் ஊராட்சித் தலைவர் கையில் இல்லை.

மேடையில் சொல்லும் தொகை பெரும்பாலும் முழுப் பொய்யாக இருப்பதில்லை. சூது எங்கே என்றால், நான்காவது வழியில் வருவதை முதல் வழியில் வருவதுபோலச் சொல்வதில்தான்.

4. எங்க ஊர்ல ஒருத்தர் "அஞ்சு வருஷத்துல அஞ்சு கோடிக்கு வேலை"னு நோட்டீஸ் அடிச்சிருக்கார். முடியுமா?

உங்கள் ஊர்க் கணக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும். முறை புரிவதற்காக ஓர் உதாரணம் மட்டும் போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஊராட்சியின் ஆண்டு வரவு 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் நிதிக் குழு மானியம் 20, மாநிலப் பகிர்வு 22, சொந்த வரி 8.

15-ஆவது நிதிக் குழுவின் 60 விழுக்காடு விதியையே வைத்தால், மானியத்தில் 12 லட்சம் குடிநீர், சுகாதாரத்துக்கு என்று கட்டுப்பட்டது. மிச்சம் 8. மாநிலப் பகிர்வும் சொந்த வரியும் சேர்ந்து 30 லட்சம் வருகிறதே என்றால், அதிலிருந்துதான் ஊழியர் சம்பளம், டேங்க் ஆபரேட்டர் கூலி, தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின் கட்டணம், பல்பு, பிளீச்சிங் பவுடர், கிணற்று மோட்டார் காயில் கட்டும் செலவு எல்லாம் போக வேண்டும். இது 22 லட்சம் தின்றால் மிச்சம் 8. ஆக, தலைவர் தன் விருப்பப்படி புதிதாக ஒரு வேலை எடுக்கக் கையில் இருப்பது ஆண்டுக்கு 16 லட்சம், ஐந்து ஆண்டுக்கு 80 லட்சம்.

நோட்டீஸில் இருப்பது 5 கோடி. மீதி 4 கோடியே 20 லட்சம் வேறு யாரோ முடிவு செய்ய வேண்டிய பணம். அது வரவே வராது என்று நான் சொல்லவில்லை. அவர் வந்தாலும் வரலாம், எதிர்த்து நிற்பவர் வந்தாலும் வரலாம். அதனால் அந்தத் தொகையை வைத்து இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் இல்லை.

5. "எங்க கட்சி கவுன்சிலர் வந்தாதான் மாசம் ஆயிரம் ரூபா தொடர்ந்து கிடைக்கும்"னு பயமுறுத்துறாங்களே?

மகளிர் உரிமைத் தொகை மாநில அரசின் திட்டம், மாநில பட்ஜெட்டிலிருந்து போகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக தந்த வாக்குறுதி அது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. இடையில் 2022 பிப்ரவரியில் வந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், தரப்போகிறோம் என்று ஒரு பக்கமும் இன்னும் தரவில்லையே என்று மறுபக்கமும் அதையே பேசின. கவுன்சிலருக்கு அதில் ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. உங்கள் வார்டில் யார் ஜெயித்தார் என்பது வங்கிக் கணக்குக்குத் தெரியாது.

6. முதியோர் பென்ஷன், பட்டா, ரேஷன் கார்டு?

மூன்றும் உள்ளாட்சியின் கையில் இல்லை. பென்ஷனும் பட்டாவும் வருவாய்த்துறை, தாலுகா அலுவலகம். ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை. நல்ல கவுன்சிலர் மனு எழுத உதவுவார், கூட வருவார். அது உண்மையிலேயே பெரிய உதவிதான். ஆனால் அது அவருடைய உழைப்பு, அவர் ஒதுக்கும் நிதி அல்ல.

7. ஆளுங்கட்சிக்குப் போட்டாதான் நிதி வரும், மாத்திப் போட்டா ஊருக்கு ஒண்ணும் கிடைக்காதுங்கிறாங்க. உண்மையா?

பாதி உண்மை, அதனால்தான் இது ஆபத்தான வாக்குறுதி. 3-ஆம் பதிலில் சொன்ன இரண்டாவது, மூன்றாவது வழிப் பணம் மக்கள்தொகை போன்ற அளவுகோல்படி வருகிறது. யார் ஜெயித்தாலும் வந்தே ஆக வேண்டும். நான்காவது வழியில், எந்த ஊரை முதலில் எடுப்பது என்பதில் அமைச்சர், எம்.எல்.ஏ. செல்வாக்கு வேலை செய்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் தேர்தலே நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய மன்றங்களின் காலமும் அதே மாதம் முடிந்தது. ஊரகத்தில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பர் 27, 30-லும், மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19-லும்தான் தேர்தல் வந்தது. அதுவரை அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதைக் காட்டி மத்திய நிதிக் குழு மானியத்தை டெல்லி நிறுத்தி வைத்தது. 'மாத்திப் போட்டால் பணம் வராது' என்று மிரட்டும் கட்சிகளிடம், தேர்தலையே தள்ளிப்போட்டு நின்ற பணத்தைப் பற்றிக் கேட்டால் பதில் வராது.

8. வீட்டுக்கு வீடு குழாய் நான்தான் குடுத்தேன்னு ரெண்டு பேர் சொல்றாங்க. யார் சொல்றது சரி?

ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. தமிழ்நாட்டில் செலவை மத்திய அரசும் மாநில அரசும் சரிபாதியாகப் பகிர்கின்றன. மத்தியில் ஆளும் கட்சி ஒரு போஸ்டர், மாநிலத்தில் ஆளும் கட்சி ஒரு போஸ்டர், ஊராட்சித் தலைவர் ஒரு போஸ்டர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, எந்த ஒன்றிலும் முழு உண்மை இல்லை.

சண்டையைத் தீர்க்க வேலை நடந்த இடத்தில் இருக்கும் பலகையைப் பாருங்கள். திட்டத்தின் பெயர், நிதியாண்டு, மதிப்பீட்டுத் தொகை, சாலையாக இருந்தால் நீளம் எல்லாம் அதில் இருக்கும். பல இடங்களில் பெயின்ட் உரிந்து, மேலே கல்யாண போஸ்டர் ஒட்டி இருக்கும். ஆனாலும் படிக்கலாம். நிதியாண்டு அவர் பதவிக்கு வருவதற்கு முந்தையது என்றால் அந்த வேலை அவர் கொண்டுவந்தது அல்ல, அவர் காலத்தில் முடிந்தது.

பூமி பூஜை போட்டோவை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வேலை நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை, எம்-புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) அளவீடு, பில் என்று பல படிகளைத் தாண்ட வேண்டும். "பத்து லட்சம் ஒதுக்கியாச்சு" என்பவரிடம் பணி ஆணை வந்துவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். ஒப்புதலோடு நின்றுபோன வேலைகள் எல்லா ஊரிலும் உண்டு.

9. வீட்டு வரியைக் குறைப்போம், ஏத்த மாட்டோம்னு சொல்றது?

எனக்கு எரிச்சல் வருவது இந்த வாக்குறுதியில்தான். கட்சி பேதமில்லாமல் ஆடும் ஆட்டம் இது. 2018 ஜூலையில் அதிமுக அரசு சொத்து வரியை உயர்த்தியது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடாகியிருந்த 2019 நவம்பரில் அதே அரசு அந்த உயர்வை நிறுத்தி வைத்தது. 2022 பிப்ரவரியில் திமுக ஆட்சியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தது. ஆறு வாரம்கூட முழுதாக ஆகவில்லை, ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. கட்டடத்தின் பரப்பையும் பயன்பாட்டையும் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை.

அரசு சொன்ன காரணம் பொய்யல்ல. சொத்து வரிக்கு அடிப்படை விகிதம் நிர்ணயித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலைக் கூட்டிக் காட்டினால்தான் நகர்ப்புற மானியம் என்று 15-ஆவது நிதிக் குழு நிபந்தனை போட்டிருந்தது. அந்த நிபந்தனை தேர்தலுக்கு முன்பே எல்லாக் கட்சிக்கும் தெரியும். பிப்ரவரி மேடையில் அதைச் சொல்லி ஓட்டுக் கேட்டிருந்தால் நேர்மை.

எனவே கவுன்சிலர் வேட்பாளர் "வரி ஏற்ற மாட்டோம்" என்றால் இரண்டு கேள்வி கேட்கலாம். மாநில அரசு ஆணை போட்டால் மன்றத்தில் எதிர்த்து ஓட்டுப் போடுவீர்களா? மானியம் நின்றால் அந்தத் தொகைக்கு என்ன செய்வீர்கள்? கிராமத்தில் "வீட்டு வரியே கிடையாது" என்பவரிடம் பேச்சே வேண்டாம். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சி வீட்டு வரி வசூலித்தே ஆக வேண்டும்.

10. ஆயிரம் கோடியில ஸ்மார்ட் சிட்டி வந்துச்சே, அது எங்க கவுன்சிலர் சாதனை இல்லையா?

ஸ்மார்ட் சிட்டி 2015-ல் தொடங்கிய மத்தியத் திட்டம். நாட்டில் 100 நகரம், தமிழ்நாட்டில் 11. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி வரை, அதற்கு ஈடாக மாநிலத்தின் பங்கு என்று கணக்கு. 'ஆயிரம் கோடி' வந்தது இப்படித்தான், பல ஆண்டுகளுக்குச் சேர்த்து. வேலைகளை நடத்தியது மன்றம் அல்ல, அதற்கென்று தனியாகத் தொடங்கிய நிறுவனம். தமிழ்நாட்டு நகரங்களில் அதன் பெரும்பகுதிக் காலம் கவுன்சிலர்களே இல்லை (7-ஆம் பதிலைப் பாருங்கள்). இல்லாத கவுன்சிலரின் சாதனையாக அது எப்படி இருக்கும்?

11. புது டேங்க், ஹைமாஸ் லைட், பூங்கானு வாக்குறுதி. இதுல என்ன ஏமாத்து? கண்ணுக்குத் தெரியற வேலைதானே?

கட்டும் செலவு ஒருமுறை, நடத்தும் செலவு மாதாமாதம். வாக்குறுதியில் முதலாவது மட்டும் இருக்கும். டேங்க் கட்ட எம்.பி. நிதியோ திட்ட நிதியோ கிடைக்கும். அதில் தண்ணீர் ஏற்ற மோட்டார், ஆபரேட்டர், கரண்ட் பில், மாதம் இருமுறை கழுவ ஆள் எல்லாம் 4-ஆம் பதிலில் சொன்ன 22 லட்சத்துக்குள் வந்து உட்காரும். அங்கேதான் ஏற்கெனவே இடமில்லை. ஹைமாஸ் விளக்கு திறப்பு விழாவில் எரியும். பிறகு ஒரு பல்பு போனால் மாற்ற கிரேன் வண்டி வேண்டும். பல கூட்டு ரோடுகளில் ஆறு விளக்கில் இரண்டு மட்டும் எரிவது இதனால்தான்.

பேவர் பிளாக் போடுவேன் என்பவரிடம் அந்தத் தெருவில் குடிநீர்க் குழாயோ சாக்கடையோ இனிமேல்தான் வரப்போகிறதா என்றும் கேளுங்கள். வரும் என்றால் பணம் இருமுறை செலவாகும்.

12. "முன்னாடி இருந்தவர் அடிச்ச பணத்தை மிச்சம் பிடிச்சே எல்லாம் செய்வேன்"ங்கிறாரே, இது நல்ல பதில்தானே?

காதுக்கு இனிமை. மிச்சம் பிடிப்பது முடியாத காரியமும் அல்ல. ஆனால் அதிகபட்சம் எவ்வளவு மிச்சமாகும் என்பதற்கு எல்லை உண்டு. 4-ஆம் பதில் உதாரணத்தில் விருப்பப்படி எடுக்கக்கூடியது ஆண்டுக்கு 16 லட்சம். அதில் பாதி களவு போனது என்றே வைத்தாலும் 8 லட்சம்தான் மீளும். அதைக் கொண்டு ஒரு தெருவுக்கு வடிகால் கட்டலாம், கல்யாண மண்டபம் கட்ட முடியாது.

13. பொய் வாக்குறுதி குடுத்தா கேஸ் போட முடியாதா? தேர்தல் ஆணையம் என்ன பண்ணுது?

2006-ல் இலவச கலர் டிவி, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று தமிழ்நாட்டில் வந்த வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கில், தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் ஊழல் நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5-ல் தீர்ப்பளித்தது. அதே நேரம் தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கவும் சொன்னது. அதன்படி நடத்தை விதிகளில் ஒரு பகுதி சேர்ந்தது: வாக்குறுதிக்கு நியாயமும் அதற்கான பணம் எப்படி வரும் என்பதும் அறிக்கையில் பரவலாகச் சொல்லப்பட வேண்டும். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். டெல்லியில் இருக்கும் இந்தியத் தேர்தல் ஆணையம் உள்ளாட்சித் தேர்தலை நடத்துவதில்லை. அது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை. புகார் அனுப்புபவர்கள் பெரும்பாலும் தப்பான முகவரிக்கு அனுப்புகிறார்கள்.

14. எங்க ஊர்ல ஒருத்தர் "தலைவர் பதவியை விட்டுக் குடுத்தா கோயிலுக்கு இருபது லட்சம்"ங்கிறார். இதுவும் வாக்குறுதிதானே?

இல்லை, இது ஏலம். பொதுக் கொள்கையாக, பொதுப் பணத்தில் ஒன்றைச் செய்வேன் என்பதற்குத்தான் லஞ்சச் சட்டப் பிரிவில் விலக்கு இருக்கிறது. சொந்தப் பணத்தைக் காட்டி ஓட்டையோ போட்டியிலிருந்து விலகுவதையோ வாங்கினால் அது லஞ்சம், ஓராண்டு வரை சிறை உண்டு. 2019 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு அனுமதித்த மொத்தச் செலவே 34,000 ரூபாய். இருபது லட்சம் போட்டவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்று ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். கோயில் பெயரைச் சொன்னதும் யாரும் வாய் திறப்பதில்லை.

15. ஜெயிச்சு வந்தப்புறம் எதை வச்சுக் கேக்குறது? நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு சண்டை போடவா?

நோட்டீஸை எடுத்து வையுங்கள், வாட்ஸ்அப் படமாக இருந்தால் தேதியோடு. கிராமத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். அங்கே ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கமான படிவம் 30-ஐக் காட்டச் சொல்லுங்கள். 4-ஆம் பதிலில் நான் போட்ட உதாரணக் கணக்கை உங்கள் ஊரின் உண்மையான எண்களை வைத்து நீங்களே போடலாம். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் ஆண்டுத் திட்டமும் செலவு வவுச்சர்களும் இருக்கும். நகரத்தில் இருப்பவர்கள், கிராம சபை மாதிரி நகரத்துக்கு என்று 2022-ல் விதிகள் வந்த பகுதி சபைக் கூட்டத்தில் கேட்கலாம்.

எதுவும் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு, 30 நாளில் பதில். நீங்கள் தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. "வளர்ச்சிப் பணிகள் பற்றிய விவரம்" என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும். இந்தத் தெரு, இந்த நிதியாண்டு, பணி ஆணை நகல், எம்-புக் நகல், எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு தொகை என்று குறிப்பாக எழுதுங்கள்.